நாளைக் காலை நம்மை எதிர்பார்ப்பது எது?

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டிச் சமூகக் கூடத்தில் நடந்த சந்திப்பில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மார்ச் மாதப் பொதுக்குழுவில் மொட்டைமாடி பற்றிய தீர்மானம் வரவிருப்பதால், உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

செயலாளர் என்னிடம் வந்து, "கைவேலை, தோட்டம், நடைப்பயிற்சி, இதைப் பற்றி ஒரு பதினைந்து நிமிஷம் பேசுங்கள் டீச்சர்" என்றார். "எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "தெரிந்ததுதான். யாரும் செய்வதில்லையே!" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதனால் தெரிந்ததையே பேசப் போகிறேன். கடைசியில் மொட்டைமாடி விஷயத்துக்கும் வருவேன். அதற்காகத்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஃபிளாட் வாழ்க்கையில் வசதிக்குக் குறைவில்லை. பால் கதவில் தொங்குகிறது. கொத்தமல்லிக் கட்டு வேண்டுமென்றாலும் போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. வாசலில் கோலம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. நானும் இதையெல்லாம் அனுபவிக்கிறவள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வேலைக்குப் போன காலத்தில் காலை ஏழு மணிக்கு நம்மை எதிர்பார்த்து எத்தனை பேர் இருந்தார்கள்! பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், அலுவலகத்துக்கு வருகைப் பதிவு, பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம். ஓய்வு பெற்ற பிறகு வருகிற முதல் திங்கட்கிழமையில்தான் அது தெரியும். நாம் எழுந்தாலும் எழாவிட்டாலும் உலகம் பாட்டுக்கு நடக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுகிறார்கள். மற்ற ஆறு நாள்?

அதனால்தான் கைவேலையையும் செடியையும் நடையையும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பொழுதைப் போக்கத் தொலைக்காட்சி போதும். இவை மூன்றும் வேறு ஒரு காரியம் செய்கின்றன. நாளைக் காலை நம்மை எதிர்பார்த்து ஏதோ ஒன்று காத்திருக்கும்படி செய்கின்றன. தண்ணீர் கேட்கிற தொட்டி, பாதியில் நிற்கிற கூடை, கீழே கேட் அருகே நிற்கிற பக்கத்து வீட்டம்மா. இந்த எதிர்பார்ப்புதான் இதிலிருக்கிற சந்தோஷம் என்று நான் நினைக்கிறேன்.

கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வில்லை

முதலில் கைவேலை. ஏ பிளாக் பெண்கள் நான்கு பேர் புதன்கிழமை மாலைகளில் இந்தக் கூடத்தில் வயர் கூடை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தலைமுறையில் வயர் கூடை இல்லாத வீடே கிடையாது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோக ஒன்று. ஒரு ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்றுதான் கணக்கு. அடியை முதலில் முடிந்துகொண்டு, பிறகு சுற்றிச் சுற்றி மேலே ஏற்றி, கடைசியில் கைப்பிடி. சாதாரண முடிச்சு கைக்கு வந்துவிட்டால் பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று போய்க்கொண்டே இருக்கலாம். சிவன் கண் போட்ட கூடையை ஒருவர் கையில் பார்த்தால், "எங்கே வாங்கினீர்கள்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யார் போட்டது?" என்றுதான் கேட்பார்கள்.

கூடை பின்னுவதில் ஒரு சௌகரியம் உண்டு. கைதான் வேலை செய்யும். வாய் சும்மா இருக்கும். எதிரெதிரே உட்கார வைத்து "பேசுங்கள்" என்றால் யாருக்கும் பேச வராது. கையில் வயரைக் கொடுத்துப் பாருங்கள். மருமகள் கதையும் மூட்டு வலியும் மெயின்டனன்ஸ் பாக்கியும் தானாக வெளியே வரும். பன்னிரண்டு வருஷமாக ஒரே மாடியில் எதிரும் புதிருமாகக் குடியிருந்த இரண்டு பேர், கூடைக்கு அடி போடும்போதுதான் தாங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்துகொண்டார்கள்.

இது பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சி பிளாக்கில் ஒரு சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குத் துணையாக வந்து முதல் இரண்டு வாரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம், "அந்தக் கைப்பிடியை இன்னும் இழுத்துப் பின்ன வேண்டாமா?" என்று கேட்டார். இப்போது கைப்பிடி என்றால் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுபோகிறார்கள். அவர் கையின் இறுக்கம் எங்களுக்கு வரவில்லை.

தையல் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலை. நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. ஆனாலும் நம் குப்பை அறையைத் திறந்தால் கேரி பேக்தான் கண்ணில் படுகிறது. பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம். கடைக்கு எடுத்துப் போகிற அளவில் பத்துப் பன்னிரண்டு பைகள் வரும். காதுகளுக்கு மிச்சத் துணியே போதும். நேர்த்தையல் தெரிந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பார்வை மங்கியவர்கள், விரல் மூட்டு வலி உள்ளவர்கள் தடித்த நூலும் பெரிய கொக்கி ஊசியுமாகக் குரோஷாவில் தொடங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை கையை விரித்து மடக்கிவிட்டுத் தொடருங்கள். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கோலத்தையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். குனிந்து நிமிர்கிற உடற்பயிற்சியும், புள்ளி எண்ணுகிற கணக்குப் பயிற்சியும் அதிலேயே இருக்கின்றன. சிக்குக் கோலத்தில் கோடு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும்போது கிடைக்கிற திருப்திக்கு வயசே கிடையாது. இந்த மார்கழியில் கேட்டுக்கு உள்ளே கோலம் போட்ட பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் ஒரு வாய். குனிய முடியாதவர்கள் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பலகையில் போடலாம். தப்பே இல்லை.

பால்கனியில் ஒரு பிடி கீரை

இனி செடி. "எங்கள் வீட்டில் எதுவும் வராது" என்கிறவர்களைத்தான் முதலில் பார்க்கிறேன். வெயிலைப் பார்க்காமல் செடியைத் தேர்ந்தெடுத்தால் வராதுதான். ஒரு நாள் வீட்டில் இருந்து, பால்கனியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நேர் வெயில் விழுகிறது என்று பாருங்கள். ஐந்தாறு மணி நேரம் விழுந்தால் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் எல்லாம் காய்க்கும். மூன்று நான்கு மணிதான் என்றால் கீரை, புதினா, கொத்தமல்லி. வெயிலே இல்லையென்றால் வெற்றிலை, மணி பிளான்ட் போன்றவற்றோடு திருப்திப்படுங்கள். வெண்டைக்காய்க்கு ஆசைப்பட்டு அந்தச் செடியை வாட்டாதீர்கள்.

முதல் முறை வைப்பவர்கள் கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் கடுகைவிடச் சிறியவை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். கொஞ்சம் மணலோடு கலந்து தூவ வேண்டும். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். 25 முதல் 30 நாளில் பறித்துவிடலாம். வெந்தயக்கீரை அதற்கும் முன்னே, மூன்று வாரத்தில். அஞ்சறைப்பெட்டி வெந்தயமே விதை. கடையில் வாங்குகிற புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, தடித்த தண்டு நான்கை நட்டு வையுங்கள், பிழைத்துக்கொள்ளும். கறிவேப்பிலைக்கு மட்டும் பொறுமை வேண்டும். அது முதல் வருஷம் நம்மைச் சோதிக்கும்.

மண் கலவைக்கு எளிய கணக்கு: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. நார்க்கட்டியில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் பயந்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி மாலை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் கட்டுக்குள் வரும். ஏப்ரல், மே வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டாமல் சென்னையில் தொட்டிச் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

சமையலறைக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்த்தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாம் மக்கினால் உரம். பையில் கட்டி வைத்தால் நாற்றம். மூடியுள்ள வாளியில் ஓட்டை போட்டு, ஒரு அடுக்கு கழிவு, ஒரு அடுக்கு காய்ந்த இலை அல்லது நார்க்கழிவு என்று போட்டு வாருங்கள். ஈரம் அதிகமானால் காய்ந்த இலையைக் கூட்டுங்கள். நம் தோட்டக்காரர் கூட்டித் தள்ளுகிற சருகே போதும், காசு கிடையாது.

எட்டுச் சுற்று

நடையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. டாக்டர்கள் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் வளாகத்தை ஒரு சுற்று வர எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. எட்டுச் சுற்று, வாரம் ஐந்து நாள். கணக்கு முடிந்தது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது உடல் தடுமாறாமல் நிற்பதற்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும். நடந்தால் மட்டும் போதாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இவ்வளவுதான். ஏற்கெனவே தலைசுற்றலோ முழங்கால் தொந்தரவோ உள்ளவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். தனியாக வசிக்கிற ஓர் அம்மா தினமும் ஐந்தே முக்காலுக்கு கேட் அருகே நிற்பார். அன்றைக்கு வரவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. கூட நடக்கிற இருவரும் நடையை விட்டுவிட்டு மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தார். எதிர் வீட்டில் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார்கள். ஆறரைக்கெல்லாம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவர் இன்று முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவருடைய மகன் தினமும் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்கிறவர். நல்ல பிள்ளை. ஆனால் அன்று ஒன்பது மணி வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் கேட்டில் கேமரா இருக்கிறது, செக்யூரிட்டி இருக்கிறார், வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறோம். அவர் வரவில்லை என்று கவனித்தவர்கள் அவரை எதிர்பார்த்து நின்ற இரண்டு பேர்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோதும் இதைத்தான் பார்த்தோம். கரன்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, போன் சார்ஜும் தீர்ந்துவிட்டது. எந்த மாடியில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது சங்கத்தின் பதிவேட்டைப் பார்த்துத் தெரியவில்லை. கூட நடந்தவர்களுக்கும், கூடை பின்னியவர்களுக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போகிறவர்களுக்கும்தான் தெரிந்தது.

மொட்டைமாடி

இப்போது மாடிக்கு வருகிறேன். மாடியில் தொட்டி வைத்திருப்பது ஒன்பது வீட்டுக்காரர்கள். மேல்மாடியில் இரண்டு வீடுகளில் கூரை ஈரம் கசிகிறது. எல்லாத் தொட்டிகளையும் எடுத்துவிட்டு மாடியைப் பூட்டிவிடலாம் என்று ஒரு யோசனை பொதுக்குழுவுக்கு வருகிறது.

கசிவு உள்ள வீட்டுக்காரர்களின் கோபம் நியாயமானது. படுக்கைக்கு மேலே பூசணம் பிடித்த கூரையைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறவரிடம் போய்க் கத்தரிச்செடியின் அழகைப் பேசக் கூடாது. ஆகவே முதலில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை நடக்கட்டும். அதற்காகத் தொட்டிகளை இறக்க வேண்டும் என்றால் இறக்கிவிடுகிறோம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

ஆனால் வேலை முடிந்த பிறகும் நிரந்தரமாகப் பூட்டத்தான் வேண்டுமா? மழைநீர்க் குழாய் வாயில் சருகும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் தேங்குவதும், மாடி ஓடுகளின் இணைப்பில் பூச்சு விட்டுப்போவதும், தரையில் நேராக வைத்த தொட்டியின் அடியில் ஈரம் காயாமல் இருப்பதும் கசிவுக்கு வழி செய்கின்றன. இவை மூன்றும் தடுக்கக்கூடியவை. ஓர் அடி உயர இரும்பு ஸ்டாண்டில் மட்டும் தொட்டி. குழாய் வாய்க்கு வலை. வாரம் ஒருமுறை பெருக்கிச் சுத்தம்.

எடையையும் பார்க்க வேண்டும். ஆட்கள் போய்வருகிற மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுக்கச் சொல்லும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள செடிப்பையில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 35 கிலோவைத் தாண்டும். அப்படி ஒன்பது பைகளை ஒரு சதுர மீட்டரில் நெருக்கினால் 300 கிலோவுக்கு மேல். அது கூடவே கூடாது. நார்க்கழிவு அதிகம் சேர்த்த கலவை என்றால் பை ஏறக்குறைய 20 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பைக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் 80 கிலோவோடு நிற்கும். எந்தெந்த இடத்தில் வைக்கலாம் என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அவர் சொல்வதே முடிவு.

கொசு பற்றிய கவலையும் சரிதான். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே தொட்டியின் அடித்தட்டுகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். இது மாடிக்கு மட்டும் இல்லை, உங்கள் பால்கனிக்கும் சேர்த்துத்தான்.

பொதுக்குழுவில் நாங்கள் மூன்று வேண்டுகோள் வைக்கப்போகிறோம். ஒன்று, கசிவு வேலை முடிந்த பின் மாடியில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வருஷத்துக்குச் சோதனையாகத் தோட்டத்துக்கு விடுங்கள். அதைக் கவனிக்கும் குழுவில் அந்த இரண்டு மேல்மாடி வீட்டாரும் இருக்கட்டும். கசிவு திரும்ப வந்தது என்று அவர்கள் சொன்னால் அன்றைக்கே தொட்டிகளை இறக்கிவிடுவோம். இரண்டு, புதன்கிழமை மாலை 4 முதல் 6 வரை இந்தக் கூடத்தைக் கைவேலைக்கு வாடகையில்லாமல் கொடுங்கள். மூன்றாவதற்குக் காசும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். தனியாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் காலையில் அவரை எதிர்பார்க்கிற ஒருவர் இருக்க வேண்டும். நடக்க வரலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரலாம், ஒன்றும் முடியாவிட்டால் பால்கனியில் நின்று கையசைக்கலாம். வரவில்லை என்றால் அந்த ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார். ஊருக்குப் போவதென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விதி.

நான் பேசி முடிக்கும் நேரம் ஆகிவிட்டது. வெளியே மேஜையில் சிறுகீரை விதையும் தண்டுக்கீரை விதையும் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு நோட்டு இருக்கிறது. தனியாக இருப்பவர்கள் பெயரையும் மாடியையும் எழுதுங்கள். துணைக்கு வர விரும்புகிறவர்கள் எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். இப்போது தைப்பட்டம். இந்த வாரம் விதைத்தால் அடுத்த மாதம் கூட்டுக்குக் கீரை தயார். பொதுக்குழுவுக்கு வரும்போது அவரவர் வீட்டுக் கீரை எப்படி வந்தது என்று சொல்லுங்கள். வராதவர்களும் வந்து சொல்லுங்கள், என்ன ஆயிற்று என்று சேர்ந்து பார்ப்போம்.